கும்மிப் பாட்டுப் பதியும் இளைஞர்களுக்கு

திருப்பூர் நகரிலும், அவிநாசி, பல்லடம், காங்கயம், தாராபுரம், உடுமலை வட்டாரங்களிலும், பகலெல்லாம் பனியன் கம்பெனிகளில் கட்டிங் மேஜைக்கும் ஓவர்லாக் மெஷினுக்கும் முன் உழைத்துவிட்டு, இரவில் வாடகை அறையொன்றில் கணிப்பொறியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஊர்க் கும்மியையும் உடுக்கைப் பாட்டையும் துடும்பு முழக்கத்தையும் பதிவு செய்து, கலந்து, வெளியிட்டுவரும் தம்பிமாரே, தங்கைமாரே!

உங்கள் முயற்சியை நான் மிகுந்த மகிழ்ச்சியோடு கவனித்து வருகிறேன். முதியவர் சிலருடைய நினைவில் மட்டும் தங்கி அவர்களோடேயே போய்விடும் என்று ஒரு காலத்தில் பலரும் கைவிட்டிருந்த வள்ளி கும்மி, இன்று கொங்கு நாட்டின் கோயில் திடல்தோறும் பெண்களும் சிறுவர்களும் திரளாகக் கூடி ஆடும் கலையாகப் புத்துயிர் பெற்றிருக்கிறது. ஆண்களே ஆடிவந்த சம்பிரதாயத்தை மாற்றிப் பெண்களுக்கும் அதைக் கற்பித்தவரான, மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டி பத்திரப்பன் அவர்களுக்கு 2024ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டதும் இந்த மறுமலர்ச்சிக்குக் கிடைத்த பொருத்தமான கௌரவமே. ஆட்டம் வளர்ந்த வேகத்தில் பாட்டும் பதிவாக வேண்டும் என்ற ஆவல் ஊர்தோறும் எழுந்தது. அந்த ஆவலை நிறைவேற்ற சென்னையிலிருந்து எந்தப் பெரிய ஒலிப்பதிவுக் கூடமும் இங்கே வரவில்லை. ஓரிரு மைக், ஒரு இன்டர்ஃபேஸ், ஒரு ஹெட்போன், ரீப்பரோ கியூபேஸோ எஃப்எல் ஸ்டூடியோவோ ஏதேனும் ஒரு மென்பொருள் ஆகிய இவற்றைச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கி வைத்துக்கொண்டு நீங்கள்தாம் வந்தீர்கள். இதைப் பாராட்டாமல் மேலே எழுதினால் என் பேனாவுக்கு நியாயம் இராது.

ஆயினும், அண்மைக் காலத்தில் என் கைக்கு வந்த பதிவுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும்போது, பாடுகிறவர்கள் வேறாயினும் ஊர் வேறாயினும் குறை ஒன்றாகவே இருப்பதைக் கண்டு மனம் வருந்துகிறது. முன்னின்று பாடும் ஆசிரியரின் குரலும், அதை வாங்கிப் பாடும் பெண்களின் குரலும், கைத்தட்டும், ஜால்ராவும், தவிலும், பிற்பாடு சேர்த்த கீபோர்டும் ஆகிய அனைத்தும் ஒரே உயரத்தில், ஒரே நெருக்கத்தில், ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்று காதை அடைக்கின்றன. வள்ளியின் சரித்திரத்தைச் சொல்ல வந்த பாட்டில் வள்ளி என்ன சொன்னாள் என்பது கேட்பவருக்கு விளங்கவில்லையென்றால், அந்தப் பதிவு எவ்வளவு உரத்து ஒலித்தும் பயன் என்ன? இந்தக் குறை பாடியவர்களால் வந்ததன்று. மைக்கின் விலையாலும் வந்ததன்று. பதிந்த ஒலிகள் வரிசையாக வந்து நிற்கும் அந்த மிக்சர் திரையில், ஃபேடர் என்னும் அந்தச் சிறு தடியை மேலே தள்ளுவதற்கே நம் கை பழகிப்போனதால் வந்தது. அதனை இறக்குவதற்கும் பழகவேண்டும் என்பதே இம்மடலின் விண்ணப்பம்.

மிக்சர் என்பது எதற்காகத் தோன்றியது என்பதைச் சற்று எண்ணிப் பார்ப்போம். ஒலிப்பதிவில் மின்சார மைக் வழக்கத்துக்கு வந்தது 1925ஆம் ஆண்டையொட்டித்தான். அதன் பிறகும் வெகுகாலம் வரையில், ஒரே மைக்கின் முன்னால் அனைவரும் கூடி நின்று ஒரே வீச்சில் வாசித்துப் பாடி முடிப்பதே பதிவின் கிரமமாக இருந்தது. நம் பல்லடத்தின் பெயரைச் சங்கீத உலகெங்கும் கொண்டுசென்ற புல்லாங்குழல் வித்வான் பல்லடம் சஞ்சீவ ராவ் அவர்கள் காலத்து இசைத்தட்டுகள் அப்படிப் பிறந்தவையே. அடுத்த ஊரான கோயம்புத்தூரில் சென்ட்ரல் ஸ்டூடியோவும் பட்சிராஜா ஸ்டூடியோவும் கொடிகட்டிப் பறந்த நாட்களிலும், எஸ்.எம்.சுப்பையா நாயுடு போன்றோர் இசையமைத்த நாட்களிலும், வாத்தியங்களின் சமநிலையைப் பெரும்பாலும் நிர்ணயித்தது தூரமே ஆகும். பாடகர் மைக்குக்கு அருகில் நிற்பார். வயலின்காரர் சில அடி தள்ளி உட்காருவார். தாளவாத்தியம் அறையின் மூலைக்குப் போய்விடும். ஒலி மிகுந்தால் ஒருவரைப் பின்னே போகச் சொல்வார்கள். குறைந்தால் முன்னே வரச் சொல்வார்கள். உடுமலையை அடுத்த பூளவாடியில் 1899இல் பிறந்த நாராயண கவி அவர்களின் சினிமாப் பாட்டுகள், அக்காலத்துக் கரகரப்பையும் மீறி இன்றும் சொல் சொல்லாக நம் செவியில் விழுவதற்கு, பாடியவர்களின் உச்சரிப்போடு, சொல்லுக்கு முதல் ஸ்தானம் கொடுத்து மற்றவற்றைத் தள்ளி உட்காரவைத்த அந்த ஒழுங்கும் காரணம் என்பது என் அபிப்பிராயம்.

பின்னர் நாடாவில் பல தடங்கள் வந்தன. அமெரிக்க கிடார் கலைஞர் லெஸ் பாலுக்காக ஆம்பெக்ஸ் நிறுவனம் 1957இல் எட்டுத் தடங்கள் கொண்ட பதிவுக் கருவியைச் செய்து கொடுத்தது. அன்றைக்கு அது ஒரு அதிசயம். இன்று உங்கள் அறையிலுள்ள சாதாரணக் கணிப்பொறி நூறு தடங்களைத் தயக்கமின்றித் தாங்குகிறது. ஆனால் தடங்கள் பெருகியபோது தூரம் காணாமற் போயிற்று. ஆசிரியருக்கு வாயருகே ஒரு மைக், தவிலுக்கு ஒரு கை தூரத்தில் ஒரு மைக், ஜால்ராவுக்கு ஒரு மைக் என்று வைத்துப் பதியும்போது, திடலில் இருபதடி, முப்பதடி இடைவெளியில் நின்றவர்கள் அனைவரும் கேட்பவரின் மூக்குக்கு நேரே வந்து நின்றுவிடுகிறார்கள். மைக் பறித்துக்கொண்ட அந்தத் தூரத்தைத் திருப்பிக் கொடுப்பதே மிக்சரின் முதற்கடமை. ஒவ்வொரு ஃபேடரும், இன்னாரை எத்தனை அடி தள்ளி நிறுத்துவது என்று நீங்கள் சொல்லும் கட்டளை என்று கொள்ளுங்கள்.

ஆகவே, அடுத்த பாட்டைக் கலக்க உட்காரும்போது, எல்லா ஃபேடர்களையும் முற்றிலும் கீழே இறக்கிவிட்டுத் தொடங்குங்கள் என்று வேண்டுகிறேன். முதலில் ஆசிரியரின் குரலை மட்டும் ஏற்றுங்கள். அதனை 0 என்று குறித்த கோட்டில் நிறுத்தலாம். உள்ளே வந்த ஒலி கூடாமலும் குறையாமலும் வெளியேறும் இடம் அதுதான். அந்தக் குரல் தனித்து ஒலிக்கையில் கதை தெளிவாக விளங்குகிறதா என்று கேளுங்கள். பிறகு வாங்கிப் பாடும் பெண்களின் குரலைக் கீழிருந்து மெல்ல உயர்த்துங்கள். ஆசிரியரின் கடைசிச் சொல் மறைவதற்குச் சற்று முன்பாகவே நிறுத்திவிடுங்கள். அதன்பின் கைத்தட்டு, அதன்பின் தவில், எல்லாவற்றுக்கும் கடைசியில் ஜால்ரா. கீபோர்டு கட்டாயம் வேண்டுமா என்ற கேள்வியை அந்த இடத்தில் உங்களுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள். பல பாட்டுகளில் வேண்டாம் என்பதே விடையாக வரும் என்று நம்புகிறேன்.

ஏற்றுவதால் வரும் கேட்டுக்குக் கணக்கும் உண்டு. டிஜிட்டல் ஒலியின் உச்சவரம்பு 0 டெசிபல். அதற்குமேல் ஒன்றும் இல்லை, அதைத் தொட்ட அலையின் தலை வெட்டுண்டு போகிறது. ஏறக்குறைய சம வலிமையுள்ள, ஒன்றோடொன்று தொடர்பற்ற இரண்டு ஒலிகளைச் சேர்த்தால் கூட்டுத்தொகை 3 டெசிபல் உயர்கிறது. பத்தைச் சேர்த்தால் 10 டெசிபல் உயர்கிறது. ஒவ்வொரு டிராக்கையும் தனித்தனியே உச்சவரம்பை ஒட்டிப் பதிந்துவிட்டு, பத்து டிராக்குகளையும் அப்படியே கூட்டினால் மாஸ்டர் மீட்டர் சிவக்காமல் வேறென்ன செய்யும்? இதற்குப் பரிகாரமாக மாஸ்டர் ஃபேடரை மட்டும் இறக்குவது உங்களில் பலருடைய வழக்கம். ஆனால் மாஸ்டரில் போட்டிருக்கும் கம்ப்ரஸரும் லிமிட்டரும் பெரும்பாலான மென்பொருள்களில் ஃபேடருக்கு முன்பாகவே ஒலியை வாங்கிக்கொள்வதால், அவை திணறுவது திணறிக்கொண்டேதான் இருக்கும். நீங்கள் இறக்குவது திணறி முடிந்த ஒலியை. பதியும்போதே சராசரி −18 டெசிபலை ஒட்டியும், உச்சம் −10ஐத் தாண்டாமலும் இருக்கும்படி இன்டர்ஃபேஸின் கெயின் திருகை அடக்கி வைத்தால் இந்தத் தொல்லையே எழாது. நாடாக் காலத்தில் மெதுவாகப் பதிந்தால் இரைச்சல் மேலெழும் என்ற அச்சம் நியாயமானது. 24 பிட்டில் பதிகின்ற நமக்கோ, கணக்குப்படி 144 டெசிபல் ஆழமுள்ள பாத்திரம் கிடைத்திருக்கிறது. உச்சியில் பத்து டெசிபலை விட்டுவைத்தால் நமக்கு நஷ்டம் யாதொன்றும் இல்லை.

கைத்தட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். கும்மியின் ஜீவன் அதில்தான் இருக்கிறது. முப்பது பெண்கள் வட்டமாக நின்று கை கொட்டும் ஓசையைத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். ஒவ்வொரு கொட்டும் ஊசிபோல் எழுந்து, ஒரு விநாடியின் மிகச் சிறு பகுதிக்குள் விழுந்துவிடுகிறது. அந்த ஊசிகளும் ஒன்றன்மேல் ஒன்று நேராக அமைவதில்லை. ஒருத்தியின் கை சற்று முந்துகிறது, இன்னொருத்தியின் கை இம்மியளவு பிந்துகிறது. முப்பது கைகள் தட்டியதாக நாம் உணர்வதற்கு அந்தச் சிதறலே காரணம். மீட்டரோ ஊசி முனையைப் பார்த்து மிரண்டு சிவக்கிறது. உடனே நம்முடைய தம்பி ஒரு லிமிட்டரைப் போட்டு முனையை அமுக்கிவிட்டு, அமுக்கியதால் கிடைத்த இடத்தில் முழு டிராக்கையும் உயர்த்துகிறார். விளைவு என்னவென்றால், கொட்டுக்கும் கொட்டுக்கும் இடையிலிருந்த மௌனத்தில் காற்றின் இரைச்சலும் சேலைச் சரசரப்பும் மேலே வந்துவிட, கொட்டு தகரத்தைத் தட்டியது போலாகிவிடுகிறது. இன்னும் சிலர் ஒரே ஒரு கைத்தட்டை வெட்டி எடுத்துத் தாளத்துக்குத் தாளம் ஒட்டிவிடுகிறார்கள். அப்போது முப்பது பெண்கள் போய் ஒரு இயந்திரம் மிஞ்சுகிறது. கம்ப்ரஸர் கட்டாயம் வேண்டுமென்றால் அதன் அட்டாக் காலத்தை 20, 30 மில்லி விநாடிக்குத் தளர்த்தி, ஊசிமுனை தப்பிச் செல்ல வழிவிடுங்கள். அதைவிடச் சிறந்தது, கைத்தட்டு டிராக்குகள் அனைத்தையும் ஒரு பஸ்ஸில் சேர்த்து, அந்த பஸ்ஸின் ஃபேடரை 4 டெசிபலோ 5 டெசிபலோ இறக்கிவிட்டு, முனையைத் தொடாமல் விடுவது. முனை கூர்மையாக இருக்கும் ஒலி சற்றுத் தாழ்ந்தாலும் செவிக்குத் தப்பாது.

இரண்டு மைக் வைத்துப் பதியும் இடத்தில் இன்னொரு சங்கடம் மறைந்திருக்கிறது. ஒலி ஒரு மில்லி விநாடியில் ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் செல்கிறது. ஆசிரியரின் குரல் ஒரு மைக்கை அடைந்து, 34 சென்டிமீட்டர் அதிகம் கடந்து இன்னொரு மைக்கையும் அடையுமானால், இரண்டையும் சம அளவில் கூட்டும்போது 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என்ற இடங்களில் ஒலி தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. குரல் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் மெலிந்து கேட்கிறதே, ஈக்யூவில் எவ்வளவு திருகியும் சரியாகவில்லையே என்று நீங்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் பல சந்தர்ப்பங்களில் வியாதி இதுவே. அழிந்துபோன ஒலியை ஈக்யூ உயிர்ப்பிக்க மாட்டாது. இரண்டு மைக்குகளில் ஒன்றை மியூட் செய்து கேளுங்கள். குரல் உடனே தடித்து நிமிர்ந்தால் காரணம் கண்டுகொண்டீர்கள். அந்த மைக்கை 10 டெசிபலுக்கு மேல் இறக்கிவிடுங்கள். இனிப் பதியும்போது ஒரு மைக்குக்கும் பாடுபவருக்கும் உள்ள தூரத்தைப் போல் மூன்று மடங்கு தள்ளி அடுத்த மைக்கை வையுங்கள்.

நம் ஊர் விசைத்தறியின் ஓசை சுவரைத் தாண்டி வந்து உங்கள் பதிவுகளில் உட்கார்ந்திருப்பதையும், மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் முனகல் அடியில் ஓடிக்கொண்டிருப்பதையும் கேட்டிருக்கிறேன். குரல் டிராக்குகளில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடுவது பெரும்பாலும் குரலுக்குத் தீங்கு செய்யாது. ஆனால் அதே வெட்டைத் துடும்புக்கும் போட்டுவிடாதீர்கள். துடும்பின் வயிறு அங்கேதான் இருக்கிறது.

இனி, எழுதத் தயங்கினாலும் எழுதாமல் விடக்கூடாத விஷயம் ஒன்று. உங்களில் சிலர் பல்லடம், மங்கலம் பக்கத்துத் தறிக்கூடங்களில் வேலை செய்கிறீர்கள். சிலர் நிட்டிங் மெஷின்களுக்கு நடுவே ஷிப்டு முழுவதும் நிற்கிறீர்கள். கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேசமுடிகிறது என்றால், அந்த இடத்து ஓசை அநேகமாக 85 டெசிபலைத் தாண்டிவிட்டது என்று கொள்ளலாம். அமெரிக்கத் தொழிற்சுகாதார ஆய்வு நிறுவனமான நியோஷ், 85 டெசிபலில் நாளொன்றுக்கு 8 மணி நேரமே இருக்கலாம் என்றும், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்நேரம் பாதியாகக் குறையும் என்றும் வரையறுத்திருக்கிறது. அதாவது 88இல் 4 மணி, 91இல் 2 மணி, 94இல் 1 மணி. இந்த எல்லை நாள்தோறும் மீறப்படுமிடத்தில் செவி முதலில் இழப்பது 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியை. சொல்லின் ‘ச’வும் ‘த’வும் ‘ட’வும் பிரிந்து கேட்பதும், ஜால்ராவின் பளபளப்பும், பெருஞ்சலங்கையின் கலகலப்பும் அங்கேதான் பெரிதும் வாழ்கின்றன. அதை இழந்த செவி, மிக்சரின் முன் அமர்ந்ததும், ‘இன்னும் பிரகாசம் போதவில்லை’ என்று சொல்லிச் சொல்லி ஈக்யூவின் மேற்பகுதியை ஏற்றச் செய்கிறது. உங்களுக்குச் சரியாகப் படுவது, கேட்பவருக்குக் கத்தியாகக் கீறுகிறது. பல பதிவுகளில் ஜால்ரா ஏன் அப்படிச் சீறுகிறது என்று வெகுநாள் யோசித்த பின்னரே இந்தக் காரணத்தை நான் சந்தேகிக்கத் தொடங்கினேன். நுரைப்பஞ்சாலான காதடைப்பான்கள் மலிவு விலையில் கிடைக்கின்றன. அவற்றைத் தறிக்கூடத்தில் அணிவதைப் பார்த்து யாரேனும் கேலி செய்தால், பொறுத்துக்கொண்டு அணியுங்கள். ஷிப்டு முடிந்த கையோடு மிக்ஸ் செய்ய உட்காராதீர்கள். இரவு தூங்கி எழுந்து, செவி தெளிந்த காலைப் பொழுதில், ஞாயிற்றுக்கிழமைகளில் அதைச் செய்யுங்கள். ஒலியையும் இருவர் சாதாரணமாகப் பேசிக்கொள்ளும் அளவுக்கு மேல் வைக்காதீர்கள். உரத்து வைத்தால் அடிப்பகுதியும் மேற்பகுதியும் செவிக்கு மிகையாகத் தோன்றும் என்பதை ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933இலேயே பரீட்சித்து வெளியிட்டிருக்கிறார்கள். அப்படிக் கேட்டுக் கலந்தது, வீட்டில் மெதுவாக வைத்துக் கேட்கையில் சோகையாகிவிடும்.

சாயம் ஏறிய துணியின் ஷேடை ஒரே விளக்கின் கீழ் பார்த்து ஒப்புதல் கொடுக்கும் மெர்ச்சண்டைசர் நம் ஊரில் ஒருவரும் இல்லை. ஒவ்வொருவரும் லைட் பாக்ஸில் வைத்து, பகல் வெளிச்சத்துக்கு ஒரு விளக்கு, கடை வெளிச்சத்துக்கு ஒரு விளக்கு என்று மாற்றி மாற்றிப் பார்த்த பிறகே கையெழுத்திடுகிறார். அதே ஜாக்கிரதையை ஒலிக்கும் கொடுங்கள். உங்கள் பாட்டை ஹெட்போனில் கேட்பவர் மிகச் சிலர். மிகப் பலர் அலைபேசியின் ஒற்றை ஸ்பீக்கரில் கேட்கிறார்கள். நோம்பி நாட்களில் அது கோயில் திடலின் குழாய் ரேடியோவில் ஒலிக்கிறது. அவ்விரண்டிலும் இடம், வலம் என்ற பேதம் இல்லை. ஆதலால் பேன் திருகைக்கொண்டு பெண்களை இரு பக்கமும் பரப்பி மகிழ்வதற்கு முன், மாஸ்டரை மோனோவாக்கி ஒருமுறை கேட்டு, ஆசிரியரின் சொல் அப்போதும் விளங்குகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஆசிரியரை எப்போதும் நடுவிலேயே வையுங்கள். சோலோ பொத்தானை அழுத்தி ஒவ்வொன்றையும் தனித்தனியே அழகாக்குவதும் வீண் பிரயாசை. தனியே கேட்கையில் சற்று மெலிந்தாற்போல் தோன்றும் தவில், கூட்டத்தில் சேரும்போது சரியாக இருக்கும்.

ரிவெர்பைப் பற்றி ஒரு வார்த்தை. கும்மி திறந்த வெளியில் ஆடப்படுவது. அங்கே எதிரொலிக்க மண்டபம் இல்லை. ஐரோப்பிய தேவாலயத்தின் கூடத்தைப் போன்ற எதிரொலியை ஆசிரியரின் குரலுக்குப் பூசுவது, அவரை அவருடைய திடலிலிருந்து பெயர்த்தெடுத்து அந்நிய தேசத்தில் நிறுத்துவதாகும். மிகக் குறுகிய ஒன்றை, இருப்பது தெரியாத அளவில் சேர்த்தால் போதும்.

இவ்வளவும் இறக்கினால் மற்றவர் பாட்டுக்கு முன் என் பாட்டு மெதுவாகத் தோன்றுமே என்று நீங்கள் கவலைப்படுவது எனக்குத் தெரியும். அந்தப் பந்தயத்தின் காலம் போய்விட்டது. ஸ்பாட்டிஃபை தன் வழக்கமான அமைப்பில் எல்லாப் பாட்டுகளையும் ஏறக்குறைய −14 எல்யூஎஃப்எஸ் என்ற ஒரே உரப்புக்குக் கொண்டுவந்து ஒலிக்கச் செய்கிறது. யூடியூபும் மிகையாக உரத்த பாட்டைத் தானே குறைத்துவிடுகிறது. நீங்கள் அமுக்கி அமுக்கி −7க்கு ஏற்றியதை அவர்கள் 7 டெசிபல் இறக்கிவிட, பலியான கைத்தட்டு முனைகள் மட்டும் திரும்பி வருவதில்லை.

இறக்குவதைப் பற்றியே எழுதிவந்த நான், ஏற்றவேண்டிய இடமொன்றையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். நம் முதியவர்கள் பாடும்போது வாக்கியத்தின் இறுதியில் மூச்சுத் தளர்ந்து, கொங்கு வழக்கின் அந்த மரியாதை ‘ங்’ ஒலி தேய்ந்து காற்றில் கரைந்துவிடுகிறது. கம்ப்ரஸரால் அதைப் பிடிக்க முயன்றால் மூச்சிரைப்பும் கூடவே ஏறிவரும். ஆட்டோமேஷனைத் திறந்து, வரி வரியாகக் கேட்டு, அந்தக் கடைசி எழுத்து வரும் இடங்களில் மட்டும் 2 டெசிபல் கையாலேயே உயர்த்திக் கொடுங்கள். அரைமணி நேரப் பாட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பிடிக்கும். அந்த நாளைப் பெறத் தகுதியுள்ளவர்கள்தாம் நமக்காகப் பாடியிருக்கிறார்கள்.

அவர்களுக்கு நாம் செய்யவேண்டியது கலப்பதோடு முடிவதில்லை; பதிந்ததைக் காப்பதும் உண்டு. கனடாவைச் சேர்ந்த மானிடவியல் அறிஞர் பிரெண்டா பெக் அம்மையார் 1960களின் நடுவில் காங்கயம் வட்டாரத்து ஓலப்பாளையத்தில் வந்து தங்கினார். கொங்கு நாட்டின் பெருங்காவியமான அண்ணமார் கதையை, உடுக்கையடித்துப் பாடுவோர் வாயிலாகவே 1965இல் டேப் ரிக்கார்டரில் பதிவு செய்தார். கொங்குக் குடியானவர் சமுதாயத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் 1972இலும், அக்கதையின் பாடல் மரபை ஆராய்ந்த நூல் 1982இலும் வெளிவந்தன. பிறகு 1992இல் சென்னை ஆசியவியல் நிறுவனத்தின் மூலம் தமிழும் ஆங்கிலமுமாகக் கதை முழுவதும் அச்சேறியது. பதிந்ததற்கும் அச்சேறியதற்கும் இடையே 27 ஆண்டுகள்! அவர் பதிந்ததை அழகுபடுத்தி, அழகுபடுத்தியதை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தைக் கைவிட்டிருந்தால், பிற்காலத்தார் எதைக் கேட்டு எழுத்தில் வடித்திருக்க முடியும்?

ஆகையால் உங்களிடம் நான் கேட்பவற்றில் இதுவும் ஒன்று. மிக்ஸ் முடிந்து பாட்டு வெளியானதும், டிராக்குகளை அழித்து டிஸ்கில் இடம் பண்ணிவிடாதீர்கள். ஈக்யூவும் கம்ப்ரஸரும் போடாத அசல் டிராக் ஒவ்வொன்றையும், அனைத்தும் ஒரே புள்ளியில் தொடங்கும்படி, 24 பிட் வேவ் கோப்பாக எடுத்து வையுங்கள். ‘ஆடியோ 07’ என்று மென்பொருள் தானாக இடும் பெயரோடு விடாமல், பாடியவர் பெயர், வாசித்தவர் பெயர், ஊர், தேதி, எந்த மைக் என்பவற்றை எழுதிய ஒரு தாளையும் உடன் சேருங்கள். எழுதப்படிக்கத் தெரியாத பாட்டியானாலும் அவர் பெயர் விடுபடலாகாது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் இங்கே பிழைக்க வந்த தோழர்கள் தங்கள் ஊர்ப் பாட்டை உங்கள் அறைக்கு வந்து பாடினால், அவர்களுடையதையும் இவ்விதமே செய்யுங்கள். ஹார்டு டிஸ்க் இரண்டாக வாங்குங்கள். ஒன்று உங்கள் அறையில் இருக்கட்டும். மற்றொன்றை ஆசிரியர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்து, அது என்னவென்று அவர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் விளக்கிச் சொல்லிவிட்டு வாருங்கள்.

இங்ஙனம்,
உங்கள் பாட்டைத் தேடிக் கேட்டுவரும் ஒருவன்,
திருப்பூர்.